அப்பாவுக்கு ஒரு டாக்

திரையின் அடியில் ஒரு பட்டை, அதன் மேல் வரிசையாக ஐகான்கள். டாக் என்பது அவ்வளவுதான். ஆனால் எங்கள் இன்ஜினியரிங் கல்லூரி ஹாஸ்டலில் ஒருவனுடைய சிஸ்டத்தில் டாக் இருக்கிறதா, இருந்தால் அதற்கு என்ன ஸ்கின் போட்டிருக்கிறான் என்பதை வைத்தே ஆளை எடை போட்டுவிடுவோம். 2007, 2008 வாக்கில் நடந்தது இது. எல்லாரிடமும் விண்டோஸ் எக்ஸ்பி, கீழே அதே நீலப் பட்டை, இடது மூலையில் அதே பச்சை ஸ்டார்ட் பட்டன். அதை மறைத்துவிட்டு ராக்கெட்டாக் என்ற டாக்கைப் போட்டவன்தான் எங்கள் கணக்கில் விவரமானவன்.

எங்களில் ஒருவனும் மேக்கைத் தொட்டுப் பார்த்ததில்லை. 2000 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறி அந்த டாக்கைக் காட்டியதும், 2001 மார்ச்சில் அது மேக் ஓஎஸ் எக்ஸோடு வெளிவந்ததும், அதற்கும் முன்னால் நெக்ஸ்ட் கம்ப்யூட்டர்களில் திரையின் வலது ஓரத்தில் ஒரு டாக் இருந்ததும் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டவை. 2007 கடைசியில் மேக்கின் லெப்பர்ட் பதிப்பு வந்தபோது டாக் கண்ணாடி அலமாரியாக மாறியது. ஐகான்கள் தரையில் பிரதிபலித்தன. பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்த அன்றிலிருந்து எங்கள் ஹாஸ்டலுக்குக் கண்ணாடி ஜுரம்.

ராக்கெட்டாக்கில் ஸ்கின் போடுவதற்குத் தனி வித்தை எதுவும் வேண்டாம். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் ராக்கெட்டாக், அதற்குள் ஸ்கின்ஸ் என்று ஒரு ஃபோல்டர். பிரவுசிங் சென்டரில் டீவியன்ட்ஆர்ட்டிலிருந்து இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்த ஜிப் கோப்பை அங்கே விரித்துப் போட்டால் போதும். செட்டிங்ஸில் பெயர் வந்து நிற்கும். ஒவ்வொரு ஸ்கினுக்குள்ளும் இருப்பது பட்டைக்கான ஒரு பிஎன்ஜி படம், நடுவில் தடுப்பாக வரும் கோட்டுக்கு இன்னொரு படம், பிறகு சில வரிகள் மட்டுமே உள்ள ஐஎன்ஐ கோப்பு. அந்தச் சில வரிகளில்தான் சூட்சுமம். ஐகான் கூடக் கூடப் பட்டை நீளும். படத்தை இழுத்து நீட்டினால் மூலைகளின் வளைவு சப்பையாகிவிடும். இடது, வலது, மேல், கீழ் ஓரங்களில் இத்தனை பிக்சலைத் தொடாதே, நடுப்பகுதியை மட்டும் இழு என்று அந்த ஐஎன்ஐ சொல்லும். அந்த எண்களைக் கூட்டிக் குறைத்து, மூலை உடையாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது எங்களுக்கு இரவு நேரப் பொழுதுபோக்கு. பவர் கட் வந்தால் மட்டுமே தூக்கம்.

அப்புறம் லினக்ஸ் வந்தது. கனோனிக்கல் நிறுவனம் அப்போது உபுண்டு சிடியை உலகம் முழுக்க இலவசமாகத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தது. ஹாஸ்டல் முகவரிக்கு வெளிநாட்டு ஸ்டாம்ப் ஒட்டிய உறை வந்ததே ஒரு கௌரவம். 2011-ல் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சிடியில் டாக் எதுவும் கிடையாது. கெய்ரோ-டாக்கைத் தேடிப் பிடித்து நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

கெய்ரோ-டாக் ஒரு தனி உலகம். முதல்முறை திறந்ததுமே ஓபன்ஜிஎல் வேண்டுமா என்று கேட்கும். ஆமாம் என்றால் எங்கள் போர்டோடு ஒட்டிவந்த கிராபிக்ஸ் திணறும், ஃபேன் இரையும். ஆனாலும் ஆமாம் என்றுதான் சொல்வோம். காம்பிஸ் மாதிரி ஒரு காம்போசிட்டர் ஓடாத சிஸ்டத்தில் டாக்குக்குப் பின்னால் ஒரு கறுப்புச் செவ்வகம் வந்து உட்கார்ந்துகொள்ளும், ஏனென்றால் ஒளி ஊடுருவும் ஜன்னலை வரையும் வேலை காம்போசிட்டருடையது, டாக்குடையது அல்ல. காம்போசிட்டரை ஓடவிட்டால் கறுப்பு மறைந்து வால்பேப்பர் தெரியும். அந்தக் கணத்தில் அறையில் இருக்கும் எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள்.

தீம் போடுவது அதில் இன்னும் சுலபம். தீம் ஒரு டார் கோப்பாக வரும். அதை இழுத்து டாக்கின் மேல் போட்டால் அதுவே பிரித்து எடுத்துக்கொள்ளும். ஐகான்கள் வானவில் போல வளைந்து நிற்கும் வகை, ராட்டினமாகச் சுற்றும் வகை, லெப்பர்டின் கண்ணாடித் தரை வகை என்று விதவிதம். மணிகாட்டும் கடிகாரம், வானிலை, குப்பைத் தொட்டி எல்லாம் பட்டையிலேயே ஏறிக்கொள்ளும். பென்குயின் ஒன்று கூட உண்டு. ஐகான்களுக்கிடையே தத்தித் தத்தி நடக்கும், எதற்கும் பிரயோஜனமில்லை. அந்தப் பென்குயினைப் பார்ப்பதற்கென்றே பக்கத்து அறைக்காரர்கள் வருவார்கள்.

கெய்ரோ-டாக் தீம்களைப் பற்றி என் அபிப்பிராயம் இன்றைக்கும் ஒன்றுதான்: முக்கால்வாசி கல்யாண மண்டப வாசலின் சீரியல் செட். ஐகான் துள்ளும், சுழலும், தீப்பிடிக்கும், பொறி பறக்கும். வாரம் ஒரு தீம் மாற்றினோம் என்றால், எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். ஆனால் அப்போது அதைச் சொல்லியிருந்தால் ஹாஸ்டலில் என்னை ஒதுக்கி வைத்திருப்பார்கள்.

வேலைக்குப் போன பிறகு டாக் மேல் இருந்த மோகம் விட்டுப்போனது. அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் வால்பேப்பரை மாற்றக்கூட அனுமதி இல்லை. சொந்த லேப்டாப்பில் மட்டும் பிளாங்க் வைத்திருந்தேன். டாக்கி என்ற பழைய டாக்கை உருவாக்கிய வட்டத்திலிருந்தே கிளைத்தது அது. வாலா என்ற மொழியில் எழுதப்பட்டது, எடை குறைவு. எலிமென்டரி ஓஎஸ் என்ற லினக்ஸ் 2013-ல் வெளியிட்ட லூனா பதிப்பின் அடியில் நிற்பது பிளாங்க்தான். பென்குயின் இல்லை, நெருப்பு இல்லை, பட்டை உண்டு, ஐகான் உண்டு. போட்டதோடு சரி, அதன் தீமை நான் திறந்தும் பார்க்கவில்லை.

திறக்க வைத்தவர் அப்பா.

அப்பாவுக்கு வலது கண்ணில் கண்புரை ஆபரேஷன் முடிந்திருந்தது. இடது கண்ணுக்கு ஆறு மாதம் கழித்து என்று சொல்லியிருந்தார்கள். இடையில் அவருக்குச் சிஸ்டம் வேண்டும். பேப்பர் படிக்க, பென்ஷன் வந்ததா என்று பார்க்க, ரயில் டிக்கெட் போட, பேத்தியின் படங்களைப் பார்க்க, பழைய பாட்டுக் கேட்க. நான் கழித்துப் போட்ட லேப்டாப்பில் உபுண்டு மாட்டே ஏற்றினேன். அதன் மாட்டே ட்வீக்கில் குபர்டினோ என்ற அமைப்பைத் தேர்ந்தால் பிளாங்க் தானாக வந்து அடியில் நிற்கும். என் பழக்கத்தில், மவுஸ் அருகே போனால் ஐகான் பெரிதாகும் ஜூமையும் தட்டிவிட்டுக் கொடுத்தேன்.

"என்னடா இது, கிட்டப் போனாப் பெருசாவுது, அமுக்கப் போனா நகர்ந்துடுது!"

அவர் சொன்னது சரி. ஜூம் இருந்தால் மவுஸின் கீழே இருக்கும் ஐகான் ஊதும், பக்கத்து ஐகான்கள் தள்ளிப்போகும். நீங்கள் குறிவைத்த இடத்தில் குறி இருக்காது. ஆப்பிளின் ஆரம்ப நாட்களில் இடைமுக விதிகளை வகுத்தவர்களில் ஒருவரான புரூஸ் டோக்னாசினி, டாக் வெளிவந்த காலத்திலேயே அதை விளாசிக் கட்டுரை எழுதினார். இத்தனை வருடம் அது எனக்கு ஒரு பழைய சண்டையாகத்தான் தெரிந்தது. அப்பா மவுஸோடு துரத்துவதைப் பார்த்த பிறகு, அந்தச் சண்டையில் நான் டோக்னாசினியின் பக்கம்.

கன்ட்ரோல் பட்டனை அழுத்திக்கொண்டு டாக்கில் ரைட் கிளிக் செய்தால் வரும் மெனுவில் பிளாங்கின் செட்டிங்ஸ் இருக்கும். ஜூமை அணைத்தேன். ஐகான் அளவை 96-க்கு ஏற்றினேன். ஒளிந்துகொள்வதை நிறுத்தினேன், டாக் எப்போதும் கண்முன் நிற்க வேண்டும். இவ்வளவும் செட்டிங்ஸிலேயே முடிந்தது. தீம் பட்டியலில் உள்ள எதுவும் அப்பாவின் கண்ணுக்குச் சரிப்படவில்லை. பட்டை எங்கே முடிகிறது, வால்பேப்பர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை என்றார்.

பிளாங்கின் தீம் வெறும் எழுத்துக் கோப்பு, படம் ஒன்றும் கிடையாது. ஹோம் ஃபோல்டரில் கன்ட்ரோலும் ஹெச்சும் அழுத்தினால், புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபோல்டர்கள் வெளியே வரும். அவற்றில் லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் பிளாங்க், அதற்குள் தீம்ஸ். இங்கே ஒரு புது ஃபோல்டர் போட்டு, சிஸ்டத்தோடு வந்த டிஃபால்ட் தீமின் டாக்.தீம் கோப்பை நகலெடுத்து வைத்தால், அந்த ஃபோல்டரின் பெயரே புதுத் தீமின் பெயர். நான் 'அப்பா' என்று வைத்தேன்.

கோப்பைத் திறந்தால் வரிக்கு வரி ஒரு பெயர், ஒரு எண். மேல் மூலைகளின் வளைவு இத்தனை, கீழ் மூலைகளின் வளைவு இத்தனை, கோட்டின் தடிமன் இத்தனை. நிறங்கள் நான்கு எண்களாக இருக்கும்: சிவப்பு, பச்சை, நீலம், கடைசியாகப் பின்னால் இருப்பதை மறைக்கும் அளவு, எல்லாம் 0 முதல் 255 வரை, நடுவே இரட்டை அரைப்புள்ளிகள். பட்டை மேலிருந்து கீழாக ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்குக் கலந்து இறங்கும், அதற்குத் தொடக்க நிறம் ஒன்று, முடிவு நிறம் ஒன்று. ஓரத்துக்கு வெளிக்கோடு, உள்கோடு. இடைவெளிகள் பிக்சலில் இல்லை, ஐகான் அளவில் இத்தனை பங்கு என்ற கணக்கு. ஐகானைச் சிறிதாக்கினாலும் பெரிதாக்கினாலும் விகிதம் மாறாமல் இருக்க அந்த ஏற்பாடு. மேல் இடைவெளியை மைனஸில் கொடுத்தால் ஐகான்களின் தலை பட்டைக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். எழுதியவர் யாரோ ரசித்து எழுதியிருக்கிறார்.

இதில் சுகம் என்னவென்றால், எண்ணை மாற்றிச் சேவ் செய்த மறுகணம் டாக் மாறிவிடும். மூடித் திறக்க வேண்டாம். ஆகவே நான் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு எண்ணை மாற்ற, அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதலில் பட்டையை வெள்ளையாக்கினேன். வலது கண்ணை மூடி இடதால் பார்த்தார். "பழுப்பா இருக்கு, பரவால்ல." இடதை மூடி வலதால் பார்த்தார். "ஐயோ, கூசுது." புரை விழுந்த லென்ஸ் மஞ்சளடித்துப் போயிருக்கும், நீலத்தைத் தடுக்கும். ஆபரேஷன் ஆன கண்ணுக்குள் திடீரென்று எல்லா வெளிச்சமும் வரும். ஒரே திரை, இரண்டு கண்ணுக்கும் இரண்டு நிறம். நீலம் முயன்றேன், ஒரு கண்ணுக்குப் பளிச்சென்றும் இன்னொன்றுக்கு அழுக்காகவும் தெரிந்தது. கடைசியில் கருஞ்சாம்பலுக்கு வந்து சேர்ந்தோம்: 30, 30, 30, தொடக்கமும் முடிவும் ஒன்றே, ஊடுருவல் துளியும் இல்லாமல் 255. வெளிக்கோட்டை வெளிர்சாம்பலாக்கித் தடிமனை ஒன்றிலிருந்து மூன்றாக்கினேன். அப்பா இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்துவிட்டு, "இது நிக்குது" என்றார். எந்த டிசைனரும் எனக்கு இவ்வளவு துல்லியமாகக் கருத்துச் சொன்னதில்லை.

அடுத்தது விளக்கு. ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தால் அதன் ஐகானுக்குக் கீழே ஒரு சின்ன ஒளிப்புள்ளி தெரியும். டிஃபால்ட் தீமில் அதன் அளவு 5. அப்பாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பேப்பர் திறந்திருக்கும்போதே பேப்பர் ஐகானை மறுபடி அழுத்துவார்; பிளாங்க் அந்த ஜன்னலைக் கீழே இறக்கிவிடும். "இப்பத்தான் இருந்துச்சு, காணோம்." விளக்கைப் பெரிதாக்கினேன். அதன் பிறகு அவராகவே, "எரியுதுன்னா உள்ள இருக்குன்னு அர்த்தம், இல்லையா?" என்று கேட்டார்.

இரட்டைத் தட்டுக்கு மட்டும் எந்தத் தீமிலும் மருந்து இல்லை. அலுவலகத்தில் பழைய விண்டோஸில் படிந்த கை, எதையும் இரண்டு முறை அழுத்தும். முதல் தட்டில் ஜன்னல் முன்னால் வரும், இரண்டாவதில் மறையும். அம்மாதான் பக்கத்தில் இருந்து "ஒரு தட்டு, ஒரே தட்டு" என்று சொல்லிச் சொல்லி நிறுத்தினாள்.

ஐகான் துள்ளுவதை நான் முதலில் அணைத்துவிடத்தான் நினைத்தேன், சீரியல் செட்டின் மிச்சம் என்று. ஆனால் அந்தப் பழைய லேப்டாப்பில் பிரவுசர் திறக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அழுத்தியது பதிவானதா இல்லையா என்று அப்பாவுக்குச் சொல்ல ஏதாவது வேண்டும். துள்ளலின் நேரம் தீமில் 600 மில்லி செகண்ட். ஜன்னல் வருவதற்கு வெகுமுன்பே முடிந்துவிடும். அதை 2000 ஆக்கினேன். ஐகான் நிதானமாக எழும்பி இறங்கும். அதுவரை அப்பா காத்திருப்பார். ஹாஸ்டலில் துள்ளலை நாங்கள் எத்தனையோ விதமாக முறுக்கியிருக்கிறோம். அது எதற்காக இருக்கிறது என்று ஒருவனும் கேட்டதில்லை.

தீமுக்கு வெளியே இரண்டு வேலை பாக்கி. ஒன்று, பெயர். ஐகான் மேல் மவுஸை நிறுத்தினால் பெயர் வரும், அது டெஸ்க்டாப் கோப்பிலிருந்து வருவது. பேப்பர், பேங்க், ரயில், பாப்பா படம், பாட்டு என்று தமிழிலேயே ஐந்து கோப்பு எழுதினேன். ஒவ்வொரு தளமும் குரோமியத்தில் தனி ஜன்னலாகத் திறக்க வேண்டும். அந்த ஜன்னலின் அடையாளத்தையும் அதே கோப்பில் எழுதினால்தான் பிளாங்க் அதை இன்ன ஐகானுடையது என்று கண்டுகொள்ளும். எழுதாவிட்டால் விளக்கு எரியாது, ஆறாவதாகக் குரோமியத்தின் ஐகான் வேறு வந்து நிற்கும். அப்பா ஆறாவதைப் பார்த்தால் அதையும் அழுத்துவார்.

இன்னொன்று, பூட்டு. கை லேசாக நடுங்கும். அழுத்தும்போது ஐகான் கொஞ்சம் இழுபட்டுப் பட்டைக்கு வெளியே போனால் பிளாங்க் அதை எடுத்துவிடும். போகும்போது ஒரு சின்னப் புகை வேறு. ஒருநாள் நான் அலுவலகத்தில் இருக்கும்போது போன்: "பேங்க்கு புகையாப் போயிடுச்சுடா." பென்ஷன் கணக்கே போய்விட்டது போன்ற குரல். டிகான்ஃப் எடிட்டரில் பிளாங்குக்குள் ஐகான்களைப் பூட்டும் ஒரு அமைப்பு இருக்கிறது. அதை ஆன் செய்த பிறகு எந்த ஐகானும் நகரவில்லை.

இப்போது எங்கும் வேலண்டைப் பற்றிய பேச்சு. ஜன்னல்களைத் திரையில் வரையும் பொறுப்பை 1987-ல் பிறந்த எக்ஸ்11 இத்தனை காலம் சுமந்தது. அந்த இடத்துக்கு வேலண்ட் வந்துவிட்டது. எக்ஸ்11-இல் எந்த ஜன்னல் யாருடையது என்று எந்தப் புரோகிராமும் எட்டிப் பார்க்கலாம். பிளாங்க் விளக்கு ஏற்றுவது அப்படித்தான். வேலண்ட் பாதுகாப்புக் கருதி அந்த எட்டிப்பார்ப்பை அடைத்துவிட்டது. அதனால் எலிமென்டரியே 2024 நவம்பரில் வந்த எட்டாம் பதிப்பில் பிளாங்கை விட்டுவிட்டுப் புது டாக் ஒன்றைக் கட்டிக்கொண்டது. பாதுகாப்பு என்ற காரணத்தில் எனக்குச் சண்டையில்லை. அப்பாவின் லேப்டாப்பை மட்டும் எக்ஸ்11-ஐ விட்டு நகர்த்துவதாக இல்லை.

இடது கண்ணும் ஆபரேஷன் ஆன பிறகு, நிறங்களை மாற்றலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். இப்போது வெள்ளை வெள்ளையாகவே தெரிகிறதே. "எதுக்கு? பழகிடுச்சு" என்றார். எண்கள் அப்படியே இருக்கின்றன.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அப்பாவோடு வாக்கிங் போகும் மாமா ஒருவர் தன் லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "உங்கப்பாவுக்கு வச்சுக் குடுத்தியே அந்தப் பட்டை, அதே மாதிரி எனக்கும் வச்சுக் குடு தம்பி." 'அப்பா' ஃபோல்டரைப் பென் டிரைவில் எடுத்து அவருடைய தீம்ஸில் போட்டேன். பட்டியலில் 'அப்பா' என்று வந்ததைப் பார்த்துவிட்டு, அந்தப் பெயரை முதலில் மாற்றச் சொன்னார். பிறகு சாம்பல் வேண்டாம், துக்க வீடு மாதிரி இருக்கிறது, பச்சை போடு என்றார். 0, 90, 40. கொஞ்சம் கிளிப்பச்சையாக என்றார். 60, 150, 60. ஓரத்தில் தங்க நிறத்தில் ஒரு கோடு என்றார். போட்டேன். ஐகான் ஏன் இவ்வளவு சோம்பலாகத் துள்ளுகிறது, பேரன் பார்த்தால் சிரிப்பானே என்று கேட்டார். நேரத்தை 600-க்குத் திருப்பி, துள்ளும் உயரத்தை இரண்டு மடங்காக்கினேன். அப்பா தன் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணு கூசலையா உங்களுக்கு?" என்றார்.

"கூசட்டுமே" என்றார் மாமா. "இந்தக் கோட்டை மட்டும் இன்னும் கொஞ்சம் தடிமனாக்கு தம்பி."